அம்மா பார்த்த திமிங்கலம்

1984 வைகாசியில் எங்கள் குடும்பம் மதுரையிலிருந்து மெட்ராசுக்குப் போனது. அப்போது எனக்கு இரண்டரை வயது. அம்மாவுக்கு இருபத்தைந்து. அப்பத்தாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். பிறந்த வருஷம் அவளுக்கே தெரியாது. அந்தப் பயணத்தைப் பற்றி எனக்கென்று ஒரு துளி ஞாபகமும் இல்லை. ஆனாலும் அதில் என்னென்ன நடந்தது என்று வரிசையாகச் சொல்வேன். சோறு உண்ண அடம்பிடித்த இரவுகளிலும், கரண்ட் போய் மொட்டைமாடியில் பாய் விரித்துப் படுத்த இரவுகளிலும் அம்மா அதைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். ரயில், கல்யாண வீடு, கடல், மிருகங்கள் என்று எல்லாம் வரும். கடைசியில் திமிங்கலம் வரும்.

"செத்த காலேஜ்ல ஒரு மீனு, வெறும் எலும்பா நிக்கும் பாரு. நம்ம தெரு நீளம். வாய்க்குள்ள நம்ம வீட்டு ஆளுக அம்புட்டுப் பேரும் உக்காரலாம்."

செத்த காலேஜ் என்றால் எழும்பூர் மியூசியம். அந்தக் காலத்தில் மெட்ராசுக்குப் போய்வந்த கிராமத்து ஜனங்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். 1851இல் மியூசியம் தொடங்கியபோது அது செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் இருந்தது. பிறகு பாந்தியன் சாலைக்கு வந்தது. அதன் முதல் பொறுப்பாளரான எட்வர்ட் பால்ஃபர் என்ற மருத்துவர் அந்த வளாகத்திலேயே உயிருள்ள மிருகங்களையும் வைத்து வளர்க்கத் தொடங்கினார். சில வருஷங்களில் மிருகங்கள் மட்டும் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போயின. செத்ததும் உயிருள்ளதும் ஒரே வாசலில் இருந்து பிரிந்தவை என்று எனக்குத் தெரிந்ததே வெகு காலம் கழித்துத்தான். ஜனங்கள் வைத்த பெயரில் அந்த உறவு பத்திரமாக இருந்திருக்கிறது.

2025 பிப்ரவரியில் என் மகனுக்கு இரண்டரை வயது. அம்மாவுக்கு அறுபத்தைந்து. மூன்று பேருமாக இரண்டு நாள் சென்னைக்குப் போய்வரலாம் என்று டிசம்பரிலேயே அம்மாவிடம் சொன்னேன்.

"யாருக்குக் கல்யாணம்?" என்றாள்.

யாருக்கும் இல்லை என்றேன். ஆஸ்பத்திரியா என்றாள். அதுவும் இல்லை, சும்மா சுற்றிப் பார்க்க என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அவளுடைய ஐம்பது வருஷக் குடும்ப வாழ்க்கையில் காரணமில்லாமல் ஊருக்குப் போனதே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, நேர்த்திக்கடன், பிரசவம் என்று ஏதாவது ஒன்று கூப்பிடும். போகிற வழியில் எதையாவது பார்த்தால் அது உபரி. 1984இலும் அப்படித்தான். அப்பாவின் சித்தப்பா மகளுக்குத் திருவல்லிக்கேணியில் கல்யாணம். தாலி கட்டி முடிந்த பிறகு கிடைத்த ஒன்றரை நாளில்தான் மெட்ராஸ் பார்த்தார்கள்.

அன்றைக்குத் திட்டம் என்று யாரும் எதையும் எழுதிவைக்கவில்லை. அப்பா பாண்டியன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தார், அவ்வளவுதான். மற்றதெல்லாம் அம்மாவின் கைகள். தூக்குவாளியில் புளிச்சோறு, வாழையிலையில் மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, கூஜாவில் தண்ணீர், எனக்குக் கிழித்து மடித்த பழைய வேட்டித் துணிகள் ஒரு மூட்டை, அப்பத்தாவுக்கு வெற்றிலைப்பை. ரயிலில் எதிரெதிர் மேல்பலகைகளுக்கு நடுவே தன் பழைய நூல்சேலையைத் தூளியாகக் கட்டி என்னைப் போட்டிருக்கிறாள். அப்போது அது மீட்டர்கேஜ் பாதை. விழுப்புரத்தில் இன்ஜின் மாற்றுவார்கள், அங்கிருந்து எழும்பூர் வரை மின்சார இன்ஜின் இழுக்கும். அந்த இடைவெளியில் நடுராத்திரி பிளாட்பாரத்தில் இறங்கி, டீக்கடைக்காரரிடம் வெந்நீர் கேட்டு வாங்கி எனக்குப் பால் கலக்கியிருக்கிறாள். வண்டி புறப்பட்டுவிடுமோ என்று அப்பத்தா ஜன்னல் வழியாகச் சத்தம்போட்டபடி இருந்தாளாம். இருபத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, ஒரு கையில் வெந்நீர் டம்ளரோடு, நகரத் தொடங்காத ரயிலை நோக்கி ஓடுகிறாள். எனக்கு இந்தக் காட்சிதான் அடிக்கடி வருகிறது.

இன்றைக்கு எனக்கு மூன்று ராத்திரி வேண்டியிருந்தது, டிக்கெட்டுக்கு மட்டும்.

பகலில் போவதா, ராத்திரியா என்பது முதல் கேள்வி. 2023 செப்டம்பரில் தொடங்கிய திருநெல்வேலி வந்தே பாரத் காலையில் மதுரைக்கு வந்து மதியத்தில் எழும்பூர் போய்விடுகிறது. வேகமான வண்டி, சுத்தமான வண்டி. ஆனால் எல்லாம் உட்காரும் இருக்கை. முழங்கால் தேய்ந்தவளுக்கு ஆறு மணி நேரம் காலைத் தொங்கப் போட்டால் கணுக்கால் வீங்கிவிடும். இரண்டரை வயதுக்காரனுக்கு ஆறு மணி நேரம் விழித்திருந்தால் ரயில் முழுக்க அவன் ராஜ்ஜியம். அம்மாதான் சட்டென்று சொன்னாள்: "ராத்திரி வண்டியே போடு. தூங்குற பிள்ளைய ரயிலு தூக்கிக்கிட்டுப் போகும்." கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய வாக்கியம் அது. மறுபடியும் பாண்டியன்.

அடுத்தது கீழ்ப்படுக்கை. 45 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ரயில்வே கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு வைத்திருக்கிறது. தனியாகவோ, அதே தகுதியுள்ள இன்னொருவரோடு சேர்ந்தோ பதிந்தால்தான் அது கிடைக்கும். எனக்கு வயது 43. ஒரே டிக்கெட்டில் என் பெயரைச் சேர்த்தால் அம்மா அந்த உரிமையை இழக்கிறாள். தனி டிக்கெட் எடுத்தால் அவள் ஒரு பெட்டி, நான் ஒரு பெட்டி ஆகலாம். தள்ளாதவளுக்கு ஒத்தாசையாகக் கூட வருகிறவளைப் பிரித்துவைத்தால்தான் அவளுக்குக் கீழ்ப்படுக்கை என்பது, சட்டம் எழுதியவர்கள் வயதானவர்களோடு ஒரு ராத்திரிகூடப் பயணம் செய்யவில்லையோ என்று நினைக்க வைக்கிறது. பெண்களுக்கு 58 வயதிலிருந்து கிடைத்துவந்த பாதிக் கட்டணச் சலுகையும் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, திரும்ப வரவே இல்லை. அம்மாவுக்கு அது தெரியாது. "எனக்கு அர டிக்கெட்டுத்தானே" என்று கேட்டபோது ஆமாம் என்று சொல்லிவிட்டேன். முழு டிக்கெட் என்று தெரிந்தால் வரமாட்டாள்.

இப்போதெல்லாம் 60 நாளைக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கும். 2024 நவம்பருக்கு முன்பு 120 நாளாக இருந்தது. அந்த அறுபதாவது நாள் காலையில் இரண்டு தனி டிக்கெட் எடுத்தேன். மூன்றாம் வகுப்பு ஏசியில் அம்மாவுக்குக் கீழே, எனக்கு இரண்டு பெட்டி தள்ளி மேலே. ஐந்து வயது ஆகாததால் மகனுக்கு டிக்கெட் வேண்டாம், படுக்கையும் இல்லை.

பிறகு தங்குமிடம். 1984இல் திருவல்லிக்கேணியில் சொந்தக்காரர் வீடு இருந்தது. ஒரே கூடத்தில் பதினெட்டுப் பேர் படுத்தார்கள், வாசலில் அடிபம்பு, பொதுக் கழிப்பறைக்கு முன்னால் வரிசை. அந்த வீடு இப்போது இல்லை. அந்தச் சொந்தமும் கனடாவுக்கும் பெங்களூருக்கும் போய்விட்டது. நான் எழும்பூரில் விடுதி விடுதியாகப் போன் செய்தேன். வெஸ்டர்ன் டாய்லெட் உண்டா, குளியலறைத் தரை வழுக்குமா, கட்டில் உயரம் எவ்வளவு, சுவரோடு தள்ளிப்போடலாமா, வெந்நீர் எத்தனை மணிக்கு, லிஃப்ட் இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. போய் இறங்கியபோது தெரிந்தது, லிஃப்ட் உண்டு, ஆனால் லிஃப்டை அடைய ஆறு படி ஏறவேண்டும். ஆறு படி என்பது சின்னக் கணக்கல்ல. இரண்டு நாளில் போகவும் வரவும் எட்டுத் தடவை என்றால் நாற்பத்தெட்டுப் படி, பாதி ஏற்றம், பாதி இறக்கம். முழங்கால் வலிக்காரர்களுக்கு இறங்குவதுதான் அதிக வலி. வயதானவர்களைக் கூட்டிப்போகிறவர்கள் லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், தெருவிலிருந்து லிஃப்ட் வரைக்கும் எத்தனை படி என்றும் கேட்க வேண்டும்.

சரி, எங்கே போவது? இதுதான் நான் ஆசையாக உட்கார்ந்து எழுதிய பகுதி. முதலில் வண்டலூர். மகனுக்கு யானை என்றால் உயிர். ஆனால் அது 602 ஹெக்டேர் காடு. பேட்டரி வண்டி இருந்தாலும், எழும்பூரிலிருந்து போய்வரவே பாதி நாள் போய்விடும். அடித்துவிட்டேன். மயிலாப்பூர், சாந்தோம், கிண்டி சிறுவர் பூங்கா, பாண்டி பஜார் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நேரே இரண்டு மணி நேரம் போட்டேன். பிறகு அவனுடைய நாளை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒன்றிலிருந்து மூன்று வரைக்கும் தூங்க வேண்டும். அம்மாவின் நாளை வைத்தேன். காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு மாத்திரை, பின்னால் ஒன்று. மதியம் சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் கால் நீட்ட வேண்டும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை பாத்ரூம். ஏழு மணிக்கு மேல் இரண்டு பேருமே வெளியே இருக்கக்கூடாது. பசியும் தூக்கமும் வந்தால் அவனுக்குக் கோபம் வரும், அவளுக்குப் பேச்சு நின்றுவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். அடித்து அடித்துக் கடைசியில் ஒரு நாளைக்குக் காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று நின்றது. ஊரில் எத்தனை இடம் இருக்கிறது என்று தேடத் தொடங்கியவள், ஊரில் எங்கெங்கே உட்கார இடம் இருக்கிறது என்று தேடத் தொடங்கியிருந்தேன். நிழலில் ஒரு பெஞ்ச், பக்கத்தில் ஒரு கழிப்பறை, படியில்லாத ஒரு வாசல். இந்த மூன்றும் இருக்கிற இடம்தான் எங்களுக்குச் சுற்றுலாத்தலம்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டுபோய் அம்மாவிடம் காட்டி, உனக்கு எங்கே போகணும் என்று கேட்டேன். நாற்பது வருஷத்தில் நான் அந்தக் கேள்வியைக் கேட்டது அதுதான் முதல்முறை என்பது கேட்டபிறகுதான் உறைத்தது.

"நாந்தான் மெட்ராஸப் பூராம் பாத்தாச்சே. ஒங்களுக்கு எங்க தோதோ அங்க போவோம்."

"மியூசியம் போட்டிருக்கேன்மா. திமிங்கலத்த இவனுக்குக் காட்டணும்."

"காட்டு. பாவம், நானும் பாத்ததில்ல."

நான் தாளிலிருந்து நிமிர்ந்தேன். அம்மா சாதாரணமாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"என்னம்மா சொல்ற? நீதானே சொல்வ, நம்ம தெரு நீளம்னு?"

"அது அத்தை சொன்னது. அன்னிக்கு வெயிலு, நீ தோள்ல தூங்கிட்ட. உள்ள கூட்டமா இருந்துச்சு. எறக்கினா முழிச்சுக்கிருவ. நான் வெளிய மரத்தடியில ஒன்னைய மடியில போட்டு உக்காந்துட்டேன். ஒங்கப்பாவும் அத்தையும் போயிப் பாத்துட்டு வந்தாக. வெளிய வந்ததும் அத்தை எனக்கு ஒண்ணுவிடாம சொன்னாக. அதத்தான் ஒனக்குச் சொன்னேன்."

"அப்ப நீ பாக்கவே இல்லையா?"

"அதான் அவுக பாத்தாகள்ல."

அன்று ராத்திரி அந்த முழுப் பயணத்தையும் நான் அம்மாவிடம் மறுபடி கேட்டேன், இந்தமுறை வேறு விதமாக. ஒவ்வொரு இடத்திலும், நீ எங்கே இருந்தாய் என்று கேட்டேன். உயிர் காலேஜில்? "முதல் கூண்டுல கொரங்கு. நீ பயந்து அழுத. ஒன்னைத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வந்துட்டேன்." எல்.ஐ.சி. கட்டடம்? "பஸ்ஸுல போறப்ப ஒங்கப்பா காட்டினாரு. நான் அந்தப் பக்கம் திரும்புறதுக்குள்ள தாண்டிருச்சு." கடல்? "எல்லாரும் தண்ணியில நின்னாக. நான் மணல்ல, செருப்பு அம்புட்டையும் பாத்துக்கிட்டு. அத்தையோட பட்டுச்சேலை வேற மடியில." அவள் குரலில் வருத்தம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும். அந்தப் பயணத்தில் அவள் முழுசாகப் பார்த்த ஒரே இடம் கல்யாண வீட்டுச் சமையற்கட்டு. அதைத் துல்லியமாகச் சொன்னாள். எத்தனை அடுப்பு, எத்தனை குண்டான், ரசத்துக்குப் புளி கரைத்தவள் பெயர்கூடச் சொன்னாள்.

அவள் தவறவிட்டவை அப்படியே அவளுக்காகக் காத்திருக்கவும் இல்லை. மறு வருஷமே, 1985 மே மாதக் கடைசியில், மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதே ஜூலையில் வண்டலூர் திறந்து, உயிர் காலேஜ் பழைய இடத்தைவிட்டுப் போய்விட்டது. எல்.ஐ.சி. கட்டடத்தை விட்டால் மிச்சமிருப்பவை கடலும் திமிங்கலமும்.

தாளைக் கிழித்துப்போட்டேன். வியாழன் ராத்திரி புறப்பட்டு வெள்ளி காலை போய்ச்சேர்வது. வெள்ளி சாயங்காலம் கடல். சனி காலை மியூசியம். சனி ராத்திரி திரும்புவது. வெள்ளிக்கிழமை மியூசியத்துக்கு விடுமுறை, அதனால் இந்த வரிசையை மாற்ற முடியாது. இடையில் எதுவும் கிடையாது. தூங்குவதும் சாப்பிடுவதும் மட்டும்.

சாமான் கட்டும்போது எனக்கும் அம்மாவுக்கும் ஒரு சின்னச் சண்டை. டயப்பர், ஈரத்துடைப்பான், மாற்று உடுப்பு, காய்ச்சல் மருந்து, மடக்குகிற ஸ்ட்ரோலர் என்று நான் அடுக்கிவைத்திருந்தேன். அம்மா ஒரு பழைய நூல்சேலையைக் கொண்டுவந்து வைத்தாள். எதற்கு என்றேன். இருக்கட்டும் என்றாள். ஏசிப் பெட்டியில் தூளி கட்ட முடியாது என்று சொல்லி வெளியே எடுத்தேன். அவள் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ரயிலில் நடந்தது இது. அம்மாவின் பெட்டியில் கீழ்ப்படுக்கைக்கு மேலே படுக்கவேண்டிய கல்லூரிப் பையன், நிலைமையைப் பார்த்துவிட்டு நான் கேட்பதற்கு முன்னாலேயே, "அக்கா, உங்க பெட்டிக்கு நான் போறேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டான். டிக்கெட் பரிசோதகரும் சரி என்றார். விதி பிரித்துவைத்ததை ஒரு பையன் சேர்த்துவைத்தான். மகன் அம்மாச்சியோடுதான் படுப்பேன் என்றான். விழுந்துவிடுவானே என்று நான் தவிக்கும்போது அம்மா சேலையை எடுத்தாள். நடுப்படுக்கையைத் தாங்குகிற இரண்டு சங்கிலிகளுக்கும் குறுக்கே, கீழ்ப்படுக்கையின் திறந்த பக்கத்தை மறைத்து, இரண்டு முடிச்சில் ஒரு வேலி கட்டினாள். கட்டி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. விழுப்புரத்தில் நான் விழித்துப் பார்த்தேன். இப்போது அகலப்பாதை, அங்கே இன்ஜின் மாற்றுவதில்லை. வேலிக்குள் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளி சாயங்காலம் மெரினா. மணலில் அம்மாவால் நடக்க முடியாது. கால் புதைந்தால் முழங்கால் திரும்பிக்கொள்ளும். ஆனால் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மாநகராட்சி போட்ட மரப்பாதை ஒன்று இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் கடல் பக்கம் போவதற்காக 2022 நவம்பரில் திறந்தார்கள், 263 மீட்டர் நீளம். திறந்த இரண்டு வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் முனையைப் பெயர்த்துப்போட்டது; பிறகு சரிசெய்தார்கள். 1884இல் கிராண்ட் டஃப் என்ற கவர்னர் இந்தக் கடற்கரையில் நடைபாதை போட்டு மெரினா என்று பெயர் வைத்தார். என் குடும்பம் முதன்முதலில் வந்த 1984, அதன் நூறாவது வருஷம். முழங்காலைக் கெஞ்சாமல் ஒருத்தி மணலைத் தாண்டுவதற்கு ஒரு வழி பிறக்க அதற்குப் பிறகும் முப்பத்தெட்டு வருஷம் ஆனது. அந்த மரப்பாதையைப் போடச்சொல்லிப் போராடிய மாற்றுத்திறனாளிகளுக்கு, அவர்கள் அறியாமலே, வீட்டுக்கு வீடு இருக்கிற கிழவிகளும் கைக்குழந்தைகளும் கடன்பட்டிருக்கிறார்கள்.

அங்கேதான் இன்னொன்று கண்டுபிடித்தேன். அம்மா கைத்தடி தொடமாட்டாள். அது கிழவிகளுக்கு என்பாள். மகனும் ஸ்ட்ரோலரில் உட்காரமாட்டான். இறங்கித் தள்ளுவேன் என்பான். அவன் இறங்கியதும் காலி வண்டியை அம்மா தள்ளத் தொடங்கினாள். கைப்பிடியில் எடை போட்டு நடந்தபோது அவள் நடையே மாறிவிட்டது. இடுப்பு நிமிர்ந்தது, கால் இழுக்கவில்லை. பார்க்கிறவர்களுக்கு அவள் பேரனின் வண்டியைத் தள்ளுகிற அம்மாச்சி. அவளுக்கு அது ஊன்றுகோல். நான் எதுவும் சொல்லவில்லை. சொன்னால் கையை எடுத்துவிடுவாள்.

பாதை முடிகிற இடத்திலிருந்து தண்ணீருக்குக் கொஞ்சம் மணல் உண்டு. மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு, மறுகையால் அம்மாவைப் பிடித்தேன். செருப்புகளை என்ன செய்வது என்று அவள்தான் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். போனால் போகட்டும் என்றேன். அலை கணுக்காலைத் தொட்டதும், "சூடா இருக்கு" என்றாள் ஆச்சரியத்தோடு. கடல் குளிர்ந்திருக்கும் என்று நாற்பது வருஷமாக நினைத்திருக்கிறாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லியிருக்கவில்லை.

திரும்பும்போது செருப்புகள் போட்ட இடத்திலேயே கிடந்தன.

சனி காலை ஒன்பதரைக்கு மியூசியம் திறக்கும்போதே போய்விட்டோம். மகனுக்கு அப்போதுதான் மனசு தெளிவாக இருக்கும், அம்மாவுக்குக் கால் தெளிவாக இருக்கும். பாந்தியன் சாலை வளாகத்துக்குள் நுழைந்ததும் அம்மா நின்றுவிட்டாள். மியூசியம் தியேட்டரின் வளைந்த முகப்பையோ, அந்தப் பக்கம் சிவப்புக் கல்லில் நிற்கிற ஓவியக்கூடத்தையோ அவள் பார்க்கவில்லை. மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த மரம் என்று தேடுகிறாள் என்பது புரிந்தது. கடைசியில் ஒன்றைக் காட்டி, "இதாத்தான் இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் அதன் நிழலில் உட்கார்ந்தோம். மகன் சருகு பொறுக்கினான்.

அமராவதிச் சிற்பங்களையும், உலகமே வந்து பார்க்கிற சோழர் காலத்து வெண்கலச் சிலைகளையும் அன்றைக்கு நாங்கள் பார்க்கவில்லை. எனக்கு அதில் ஏக்கம் உண்டு. திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரின் முன்னால் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் அந்தக் காலையில் எங்களிடம் இருந்தது ஒன்றரை மணி நேரம், ஒரு ஜோடி முழங்கால், ஒரு குழந்தையின் பொறுமை. நேரே விலங்கியல் கூடத்துக்குப் போனோம்.

யானையின் எலும்புக்கூட்டை மகன் கண்டுபிடித்துக் கத்தினான். அம்மா அதைக் கடந்து போய்க்கொண்டே இருந்தாள். திமிங்கலத்தின் முன்னால் போய், வண்டியின் கைப்பிடியை விடாமல் நின்றாள். பிறகு வால் பக்கத்திலிருந்து தலைப்பக்கம் வரைக்கும் மெதுவாக நடந்தாள். உதடு அசைந்தது, அடியை எண்ணுகிறாள். தலையை அடைந்ததும் திரும்பி முழுசாக ஒருமுறை பார்த்தாள்.

"பெருசுதான். ஆனா நம்ம தெரு நீளமெல்லாம் இல்ல" என்றாள். "நம்ம வாசல்லருந்து பால்காரக் கோனார் வீடு வர இருக்கும்."

"அப்பத்தா கூட்டிச் சொல்லிட்டாகளோ?"

அம்மா உடனே பதில் சொல்லவில்லை. விலா எலும்புகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அத்தைக்கு அப்பவே ரெண்டு கண்ணுலயும் பொறை. ஊருக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தானே ஆபரேசன் பண்ணுச்சு. இது தொடங்குற எடம் தெரிஞ்சிருக்கும். முடியிற எடம் தெரிஞ்சிருக்காது."

மகன் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்து இழுத்தான். அது என்ன, அது என்ன என்று கேட்டான். அவளால் குனிந்து தூக்க முடியாது. அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அவனைத் தன் கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டாள். அவன் தாடையைப் பிடித்து வாலின் பக்கம் திருப்பினாள்.

"மீனு, ராசா" என்றாள். "நல்லாப் பாத்துக்க. நம்ம தெரு நீளம்."